மறந்த பிள்ளைகளுக்கு மட்டும்

டொக், டொக். மகள் டம்ளரைத் தட்டினாள். பேச்சு வராத அந்த எட்டு வயதுப் பிள்ளை, தண்ணீர் கேட்க இப்படித் தட்டுவதற்குப் பள்ளியில் பழகியிருந்தாள்.

அம்மா திரும்பவே இல்லை.

"ஏண்டி, காது அடைச்சுப் போச்சா? பிள்ளை கேக்குறா பாரு," என்றான் கணவன்.

"நீங்க எழுந்திரிக்காதீங்க. தட்டி ஓயட்டும், அப்புறம் நானே குடுக்கிறேன்."

"நீயெல்லாம் ஒரு தாயா?"

"இந்தப் பத்து நாள் லீவுல படிச்சதை மறந்துட்டு வர்ற பிள்ளைக்குத்தான் கோடை வகுப்புல இடமாம். மறக்காத பிள்ளை ரெண்டு மாசம் வீட்டுல சும்மா கிடக்கணுமாம். என்னைக் கேக்காதீங்க, அந்தச் சட்டம் போட்ட மகராசனைப் போய்க் கேளுங்க!"

எழப்போனவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

லீவின் ஏழாம் நாள் தட்டும் சத்தம் நின்றது. அம்மாவின் காதில் மட்டும் அது ஓயவில்லை.

லீவு முடிந்து பள்ளியில் சோதனை. டீச்சர் மகளின் முன்னால் காலி டம்ளரை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மகள் உதட்டை நக்கினாள், தட்டவில்லை.

"சுத்தமா மறந்துட்டாம்மா. கவலைப்படாதீங்க, இடம் உண்டு," என்று டீச்சர் படிவத்தில் குனிந்து எழுதத் தொடங்கினார்.

அப்போது மகளின் கை மெல்ல டம்ளர் வரை போனது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்து மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பிள்ளை எதையும் மறக்கவில்லை. கேட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.