நடு மைதானத்தில் எழுபத்துநாலு

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை. ஒஹாயோ மைதானத்தில் அக்டோபர் வெயில் சாய்ந்து கிடக்கிறது. வெர்னலுக்கு மரியாதையாக, எழுபத்துநாலாம் எண் சட்டையை இனி யாரும் போடப் போவதில்லை என்று ஒலிபெருக்கி சொல்லி முடித்திருக்கிறது. அதைப் பதினோரு வருஷம் போட்டவன் அவன். எதிராளி பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் நுழையாமல் மறிப்பது அவன் வேலை. நான் அவன் பக்கத்தில் நின்று ஆடியவன். அவனுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டதால், அழைத்து வந்த சின்ன வண்டியில் உட்கார்ந்தபடியே கையசைத்தால் போதும் என்று கிளப்பில் சொன்னார்கள். அவனோ இறங்கி, அந்தக் காலத்தில் எதிராளியை மறிக்கக் குனிவதுபோலக் குனிந்து, கோணிப்போன விரல்களைப் புல்லில் ஊன்றிவிட்டான். இப்போது எழுந்திருக்க முடியவில்லை. கிளப் ஆள் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறான். அந்த விரல்கள் உடைந்த அன்றும் பிளாஸ்திரி சுற்றி இவனை உள்ளே அனுப்பியவர்கள் இப்படித்தான் சிரித்தார்கள்.

"சார், பேண்டு வாத்தியக்காரங்க வரணும். தூக்கிவிடட்டுமா?"

"கைய வச்சா கடிச்சிருவேன்."

"டேய், என் தோளையாவது பிடிடா," என்கிறேன்.

"நீ மொதல்ல விழாம நில்லு, கெழவா. பதினோரு வருஷம் எல்லாரும் என்னைச் சுத்தித்தான் போனாங்க. இவங்களும் சுத்திப் போகட்டும்."

முரசுகள் நெருங்குகின்றன. அவன் தலையை இன்னும் தாழ்த்துகிறான். இரண்டடி தூரத்தில் முன்வரிசை இரண்டாகப் பிரிகிறது.