ஒரு மாத அடுப்படி

"இந்தப் புரோமைடைக் காரத்தோட கொதிக்க வச்சா பதிலீடுதான். ஒண்ணு வெளியே போகும், அந்த இடத்துல இன்னொண்ணு வந்து உக்காரும்" என்றார் வேதியியல் பேராசிரியர்.

"நீக்கம்தான்" என்றாள் மனைவி. அவளுக்கும் அதே கல்லூரி, அதே பாடம். "இவ்வளவு சூட்டுல போனது போனதுதான். புதுசா எதுவும் வந்து உக்காராது."

தோற்பவருக்கு ஒரு மாதம் அடுப்படி என்று பந்தயம். ஆய்வகத்தில் அவரே குடுவையைச் சூடேற்றினார். வாடை குமட்டும் என்று மகா கரிசனத்தோடு குடுவையின் ரப்பர் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டார். போன் வந்ததென்று அவள் தோட்டத்துப் பக்கம் போய்வந்தாள்.

ஆறியதும், காரம் போக அமிலம் விட்டு, குடுவையில் புரோமின் நீரைச் சொட்டினார். நீக்கம் நடந்திருந்தால் அதன் செம்பழுப்பு நிறம் மறைய வேண்டும். மறையவில்லை.

"நாளையிலேர்ந்து எனக்குக் காபி கொஞ்சம் திக்கா" என்றார்.

"நீக்கத்துல வர்றது வாயுவாச்சே. குடுவையில எப்படி இருக்கும்?"

"எங்கே அந்த வாயு? காட்டு, ஒத்துக்கறேன்." காற்றோடு போனதை யார் பிடித்துவரப் போகிறார்கள் என்ற தைரியம் அவருக்கு.

அவள் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டிக் குழாயை இழுத்தாள். அதன் முனையில் பூசணிக்காய் அளவுக்கு உப்பிய பலூன் கட்டியிருந்தது.

அதன் வாயைப் புரோமின் நீருக்குள் விட்டு மெல்ல அமுக்கினாள். நிறம் போன இடம் தெரியவில்லை.

"காபி திக்காவே இருக்கட்டும்" என்றாள்.