பதில் வராத முகவரி

மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்த அறவாழி எழுதிய லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பிடம் ஒரு கம்ப்யூட்டரின் முகவரியைக் கொடுத்தால் போதும். கேபிளோ வைஃபையோ சாட்டிலைட்டோ, கிடைத்த வழியில் போய்க் கதவைத் தட்டிவிடும். எல்லா வழியும் தோற்றால் என்ன செய்கிறது என்று சோதிக்க, சத்தியமாகப் பதிலே வராத முகவரி ஒன்று வேண்டியிருந்தது. யோசிக்கவே இல்லை, சகலை திருஞானத்தின் கம்ப்யூட்டர் முகவரியைக் கொடுத்தான். அவர் பரிமாறிய பந்தியில் இவன் இலைக்கு மட்டும் வடை வராமல் போன சண்டைக்குப் பதினோரு வயது. சமாதானம் பேச அவர் போன் செய்தபோதெல்லாம் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவான்; அவரும் ரோஷப்பட்டு விட்டுவிட்டார்.

கேபிள் தோற்றது. வைஃபை தோற்றது. சாட்டிலைட் போய் ஒட்டிக்கொண்டது.

"யாரு?" என்று திரையில் வந்தது.

"சொல்லித்தான் தொலைங்களேன்," என்றாள் பின்னால் நின்ற மனைவி.

வியர்த்துப்போன அறவாழி, "ராங் நம்பர்" என்று தட்டினான்.

"சரி சகலை, சாப்பிட்டாச்சா?"