நாலு நாள் சாத்திய ஜன்னல்

ஜன்னலை யார் திறந்தது என்று அளவெடுக்க வந்த பெண் இன்னும் கேட்கவில்லை.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு முழுக்க நின்ற கால்கள் தரையில் பாவவில்லை. படுத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இமைகள் பசை தடவியதுபோல் ஒட்டிக்கொண்டன.

மேசைமேல் கருவி இருந்தது. பெரிய சோப்புப் பெட்டி அளவுதான். நாலு நாளும் கட்டில் தலைமாட்டில் சாதுவாக உட்கார்ந்துகொண்டு, மணிக்கு ஒரு தடவை அறையின் காற்றை அளந்தபடி இருந்தது.

ரேடான் என்று முதல் நாளே அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மண்ணுக்குள்ளிருந்து கசியும் வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரை வெடிப்பு வழியாக ஏறி வந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் குடியேறிவிடும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது.

அவர்கள் வீடு பாதி மண்ணுக்குள் இருந்தது. ஒரே அறை. கூரையோரத்தில் ஒரே ஜன்னல். அதில் தெரிவதெல்லாம் தெருவில் போகிறவர்களின் செருப்பும் கணுக்காலும்தான்.

கட்டிலும் ஒன்றுதான். பகலில் அவன், இரவில் அவன் மனைவி.

அவன் மாலை ஐந்தரைக்குக் கிளம்புவான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து அவள் ஆறரைக்கு வருவாள். காலையில் அவன் திரும்பும்போது அவள் போயிருப்பாள். போர்வைக்குள் அவள் சூடு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ‘ஞாயித்துக்கிழமை மட்டும் புருஷன் பொண்டாட்டி’ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தரைக்கடியில் ஒரு குழாய், அதன் மேல்முனையில் ஒரு விசிறி. அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அந்த வாயுவை வீட்டுக்குள் விடாமல் வெளியே இழுத்துத் தள்ளிவிடும். அதற்காக இரண்டு வருஷம் நடையாய் நடந்திருந்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அளவு இருநூறைத் தாண்டினால் வைத்துத் தருகிறேன், தாண்டாவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

அளக்கும் நாலு நாளும் ஜன்னல் சாத்தியே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

“நூத்தி எழுபத்தொண்ணு,” என்றாள் அந்தப் பெண். காலையிலிருந்து அவளுக்கு இது ஐந்தாவது வீடு. ஏமாற்றத்தைக் காட்டக்கூடக் குரலில் தெம்பில்லை.

திரையை அவன் பக்கம் திருப்பினாள். கோடு ஏறி ஏறி வந்து, சட்டென்று கிணற்றில் விழுந்ததுபோல் விழுந்து, மறுபடி தட்டுத்தடுமாறி ஏறியது.

அவன் ஒரே இடத்தைத்தான் பார்த்தான். மாலை ஐந்து மணி. நாலு நாளும் ஐந்து மணி. வேறு எந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அவன் கண் நகரவில்லை.

“யாராச்சும் திறந்தீங்களா அண்ணே?”

பொய் சொல்லத்தான் நினைத்தான். தூக்கம் கெட்ட நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“நான்தான்மா. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. அரை மணி, முக்கா மணி நேரம்.”

“எதுக்கு?”

எதுக்கு என்று எப்படிச் சொல்வது. நாலே நாள்தான் என்று அவனுக்கும் தெரியும். நாலு நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் கெட்டது என்று தெரிந்தே ஒரு காற்றைப் பூட்டி வைத்துவிட்டு, அதற்குள் மனைவி வந்து படுத்துத் தூங்கட்டும் என்று வாசலைத் தாண்ட அவனுக்குக் கால் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டான். முதல் நாள் ஏறியவனுக்கு மற்ற நாட்கள் ஏறாமல் இருக்க முடியவில்லை.

“அவ வந்து படுப்பா,” என்றான்.

அந்தப் பெண் எழுத எடுத்த பேனாவை மூடினாள்.

“காத்து கெட்டுக் கிடக்குன்னு நிரூபிக்கத்தான் நான் வந்திருக்கேன். நீங்களே அதைச் சுத்தம் பண்ணி வச்சா நான் என்னத்தண்ணே எழுத?”

குறைவு என்று எழுதினால் வீட்டுக்காரர் தப்பித்துவிடுவார். அவள் ‘செல்லாது’ என்று எழுதினாள். பழைய கோட்டை அழித்துவிட்டு, கருவியை மறுபடி தலைமாட்டில் வைத்தாள். இன்னும் நாலு நாள். இதுவும் கெட்டால் ஆபீசில் மூன்றாவது தடவை தர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். ஜன்னலில் அவள் செருப்பு மெதுவாகக் கடந்து போனது.

அவன் தலையணையில் சாய்வதற்குள் போன் அடித்தது. சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே மனைவியின் குரல்.

“எவ்வளவு வந்துச்சு?”

“செல்லாதாம். திரும்பவும் நாலு நாள்.” மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. “சாயங்காலம் நான் ஜன்னலைத் திறந்துட்டேன். நாலு நாளும். அந்தப் பெட்டி அப்படியே காட்டிக் குடுத்துடுச்சு.”

கண்ணை மூடித் திட்டுக்குக் காத்திருந்தான். இரண்டு வருஷமாக மனு மேல் மனு எழுதியவள் அவள்தான். வாங்கு வாங்கென்று வாங்குவாள். நியாயம்தான்.

திட்டு வரவில்லை. அங்கே ஏதோ ஓர் இயந்திரம் சுழன்று சுழன்று ஓய்ந்தது.

“சாயங்காலம் மட்டும்தான் காட்டுச்சா?” என்றாள், குரலை இறக்கி. “காலைல நான் கிளம்புற நேரத்துல ஒண்ணும் காட்டலையா?”