கோடு விழாத படம்

மீக்கடத்திப் படிகத்தின் மேல் அணு அணுவாக ஊர்ந்து படமெடுக்கும் நுண்ணோக்கி அது. பக்கத்து அறையில் யாராவது இருமினாலும் படத்தில் கோடு விழும். அன்று காலை சீரான இடைவெளியில் கோடுகள் விழுந்தன. பம்பை நிறுத்தினோம், கதவைப் பூட்டினோம், மூச்சைக்கூட அடக்கிப் பார்த்தோம்.

"எங்கேருந்துய்யா வருது இது?" என்றார் பேராசிரியர்.

எனக்கு அந்த இடைவெளி தெரியும். வென்டிலேட்டரில் கிடக்கும் என் மனைவியின் மார்பு நேற்றெல்லாம் அப்படித்தான் ஏறி இறங்கியது. இன்று உள்ளே விடவில்லை என்றுதான் வேலைக்கு வந்திருந்தேன்.

பாதிப் படத்தில் கோடுகள் நின்றன. ஒவ்வோர் அணுவும் முத்து முத்தாகத் தெரிந்தது.

"அப்பாடா, விட்டுது சனியன்," என்றார் அவர். "இப்படியொரு படம் இதுவரைக்கும் வந்ததில்ல."

இன்னும் ஒரே ஒரு கோடு விழாதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் என் கைபேசி அதிரத் தொடங்கியது. அதற்கும் கோடு விழவில்லை.