பாதித் தலை

ஓல்கின் நகரத்தில் லாசரோவின் சலூன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள் யுதெல்கிஸ். எதிர்ப் பூங்காவின் வைஃபை இதுவரைதான் வருகிறது. உள்ளிருந்து இழுத்த கரண்ட் ஒயரும் இதுவரைதான் எட்டுகிறது. மடியில் பேட்டரி செத்த லேப்டாப். ஒரு வருஷமாக அவள் எழுதிய நிரல் முழுவதும் இதற்குள் மட்டும்தான் இருக்கிறது. எடிட்டரில், நிரலின் நகலைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டுகிறாள். கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டுத் தவறு என்கிறது. மறுபடி தட்டுகிறாள். பிற்பகல் வெயில் சலூன் கண்ணாடியில் பட்டு அவள் முதுகில் விழுகிறது. உள்ளே முடிவெட்ட வந்த எலாடியோவின் தலையில் மெஷின் உறுமிக்கொண்டிருக்கிறது. “சீக்கிரம் பொண்ணே, எந்நேரமும் கரண்ட புடுங்கிடுவான்,” என்கிறார் லாசரோ. “கனெக்ட் ஆயிடுச்சு மாமா, ஏறிட்டிருக்கு.” திரையில் ஒரு நீலக்கோடு நத்தையாக ஊர்ந்து கடைசி விளிம்பைத் தொடுகிறது. எல்லாம் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி வருகிறது. அதை அவள் இரண்டாம் முறை படிப்பதற்குள் திரை அணைகிறது. மெஷின் நிற்கிறது. தெரு முழுக்க மின்விசிறிகள் மெல்ல ஓய்கின்றன. “போச்சா?” என்கிறார் லாசரோ. “இல்ல மாமா, மொத்தமும் பத்திரமா ஏறிடுச்சு.” லேப்டாப்பை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கதவில் சாய்கிறாள். ஒரு பக்கம் மட்டும் மழித்த தலையைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் எலாடியோ. “உன்னுது பத்திரம், சந்தோஷம். இந்தப் பாதித் தலைய நான் எங்க ஏத்துறது?”