ஒளிரக் கூடாத தொண்டை

கனத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடக்கிறாள். இந்தப் பக்கம் கணவருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஊசியில் ஏற்றிய மருந்து அவள் உடம்பெல்லாம் பரவி, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துகள்களாக, ஃபோட்டான்களாக, வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் அவற்றைப் பிடித்துத்தான் ஸ்கேன் படம் போடும். தொண்டைக் கட்டி திரும்ப வந்துவிட்டதா என்று காட்டும். "வாயத் திறக்காதீங்கம்மா. பேசினா தொண்டைத் தசையும் பளிச்சுனு தெரியும். நோய் எது, பேச்சு எதுன்னு எங்களுக்குப் புரியாது" என்று டெக்னீஷியன் பெண் சொல்லியிருக்கிறாள். வாய் ஓயாதவள் இப்படிக் கிடப்பதை அவர் கண்ணாடியில் மூக்கு உரசப் பார்க்கிறார். திடீரென்று அவள் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறாள். "ஓடி வாம்மா, நெஞ்சு வலிக்குதாம்!" என்று கத்துகிறார் அவர். ஓடிவந்த டெக்னீஷியன் அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க." அவர் குனிந்து பார்க்கிறார், சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கிறது. உள்ளே மனைவி உதட்டைக் கடிக்கிறாள், தோள் குலுங்குகிறது. "அம்மா, சிரிக்கவும் கூடாது!" என்று மைக்கில் பதறுகிறாள் பெண். தன்னைப் பார்த்தால்தானே சிரிப்பாள் என்று அவர் சட்டெனச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். விரல்கள் பட்டனைத் தேடித் தேடி வழுக்குகின்றன.